பின்னாடி சார்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றாதவர்கள்கூட இருக்கலாம். எங்கள் சீனியர் ‘பின்னாடி சார்’ குரல் கேட்டு ஒரு தடவையாவது அலறாதவர்கள் எங்கள் ஆபீஸில் கிடையாது.

செங்கம் ரோட்டில் ஒரு கஃபேக்கு மேல் மாடியில் ஐந்து பேர் கொண்ட ஆபீஸ் அது. லாட்ஜுகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், கம்ப்யூட்டரில் ஒரு கமாண்டை அடித்தேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அது சாதித்தது. மறுபடி அடித்தேன். காதோரம் ஒரு மெல்லிய குரல் கேட்டது.

“பின்னாடி பாரும்மா.”

திருஷ்டி கழித்துப் போட்டுவிட்டு வரும்போது திரும்பிப் பார்க்கவே கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். கழுத்து விறைத்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

“என்னைப் பாக்க சொல்லலம்மா. டாட் பின்! அந்த ஃபோல்டர்ல பாரு.”

விஷயம் இவ்வளவுதான். ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்டுக்கென்று இறக்கிய கருவிகள் அந்த ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே, ‘டாட் பின்’ என்ற ஃபோல்டரில் குடியிருக்கும். பெயருக்கு முன்னால் புள்ளி இருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கம்ப்யூட்டர் ஊர்ப் பொது இடங்களில் மட்டும் தேடிவிட்டுக் கையை விரித்துவிடும். முன்னால் ‘என்பிஎக்ஸ்’ என்று சேர்த்தால்தான் முதலில் வீட்டுக்குள் தேடும். இதைச் சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சாருக்குக் காலில் செருப்பும் இல்லை, குரலில் சத்தமும் இல்லை. நமக்குத் தப்பு வருவதற்கு முன்பே முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். கேட்டால், “மூஞ்சி தெரியலன்னாலும் முதுகு சொல்லுதும்மா” என்பார்.

ஒரு நாள் லாட்ஜ் ஓனர் ஒருவர் தன் சைட்டைப் பார்க்க வந்திருந்தார். அன்றைக்கும் கமாண்ட் சண்டித்தனம் செய்தது. சார் வந்து நின்றார்.

“பின்னாடிதான் இருக்குது. கண்ணுக்குத் தெரியாது. மொறையா கூப்புட்டா வந்துடும்.”

ஓனர் முகம் வெளுத்தது. “எத்தினி நாளா இருக்குதுங்க?”

“ரெண்டு வருஷமா. ஒண்ணு ரெண்டு இல்லீங்க, ஜாஸ்தி. உங்க லாட்ஜுக்குன்னே தனியா வெச்சிருக்கேன்.”

ஓனர் ஒரு செருப்போடு படி இறங்கினார். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போன சார் திரும்பி வரவேயில்லை. போன் அணைந்திருந்தது. ஓசூரில் வேலை என்றார்கள், சாமியாராகிவிட்டார் என்றார்கள். அவருடைய கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, பௌர்ணமிக்கு முந்தைய நாள். அந்த லாட்ஜின் அறை பதிவுப் பக்கம் படுத்துவிட்டது. சரிசெய்து மேலே ஏற்றும் வேலையை எப்போதும் செய்தவர் சார்தான்.

“நாலு மணிக்குள்ள ஏத்தலன்னா நாளையிலருந்து வராத மலர்” என்றார் ஆபீஸை நடத்தும் மேடம். வேலை போனால் அடுத்த வாரமே மாப்பிள்ளை வீட்டாரை வரச்சொல்ல அப்பா தயாராக இருந்தார்.

எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. தப்பைச் சரிசெய்துவிட்டேன். ஏற்றும் கமாண்டை என்பிஎக்ஸ் சேர்த்து அடித்தும், இல்லை என்றது. பின்னால் யாரோ நிற்பது போல முதுகு குறுகுறுத்தது. சத்தியமாகத் திரும்பவில்லை. டாட் பின்னைத் திறந்து, அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன்.

நடுவில் ஒரு பெயர்: மலர்.

என் பெயர். சார் காணாமல் போன தேதியில் உருவான ஃபைல். என்பிஎக்ஸ் சேர்த்து என்னையே கூப்பிட்டேன். திரையில் ஒரு வரி வந்து நின்றது.

“சாப்ட்டியாம்மா?”

பொய் சொல்லப் பயமாக இருந்தது. இல்லை என்று அடித்தேன்.

“போய் சாப்ட்டு வா. அதுக்குள்ள ஏத்தி வெக்கிறேன்.”

வரிகள் தாமாக ஓட ஆரம்பித்தன. நான் சாப்பிடப் போகவில்லை, அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரைக்கெல்லாம் சைட் ஏறிவிட்டது. மேடம் வந்தார், லாட்ஜ் ஓனர் போன் செய்தார், ஆளாளுக்கு ஏறிடுச்சா ஏறிடுச்சா என்று கேட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான், அவரும் அங்கே இல்லை.