ஓரத்து சோபா

"அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடும் சார்" என்றான் கார் ஷோரூம் விற்பனையாளன், போனில்.

"போன வாரமும் இதைத்தானே தம்பி சொன்னீங்க?" என்றார் செக்கர்.

"அது போன வாரத்தோட அடுத்த வாரம் சார். இது இந்த வாரத்தோடது."

செக்கர் போனை வைத்துவிட்டு, அதுவும் கூட்டுக்களவாணியோ என்பது போல அதை முறைத்துப் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராகக் காலம் தள்ளியதில், உலகத்தில் உள்ள அத்தனை பேரும் டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களாகவே அவருக்குத் தெரிந்தார்கள். எடுத்த டிக்கெட்டை நீட்டினாலும் நேற்று எடுத்ததோ என்று திருப்பிப் பார்ப்பார். டிப்போவிலும் தெருவிலும் அவருக்குச் செக்கர் என்றுதான் பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"என்னவாம்?" என்று கேட்டாள் மனைவி.

"சிப்பு இல்லையாம். நகத்தளவுகூட இருக்காதாம் அது. கப்பல்ல வரணுமாம். அது வராம எந்தக் கம்பெனியாலயும் வண்டி செய்ய முடியலையாம்."

"ஆமா, பேப்பர்லகூட போட்டிருந்தாங்களே."

"பேப்பர்காரனுக்கும் பங்கு போயிருக்கும்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த மகள் சிரித்தாள். "அப்பா, சிரிக்க வைக்காதீங்க. வயிறு இழுத்துப் பிடிக்குது."

அந்த வயிறுதான் செக்கரின் அவசரம். மகளுக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. இந்த மகள் பிறந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து அவளை மாமனாரின் காரில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஓசி வண்டி. மாமனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியெல்லாம் பெருமூச்சு மட்டும் விட்டார். அந்தப் பெருமூச்சு இன்னும் செக்கரின் காதில் சுட்டுக்கொண்டிருந்தது. பேரனோ பேத்தியோ, சொந்த வண்டியில்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்று அன்றைக்கே வைராக்கியம் வைத்துவிட்டார். இப்போது மாமனார் இல்லை. அவருடைய மகன், அதாவது மனைவியின் தம்பி, அதே பெருமூச்சோடு புதுக் கார் ஒன்றை வைத்திருந்தான்.

"நான் இருக்கேன் மச்சான். ஒரு போன் போடுங்க, வந்து நிக்கறேன்" என்று வாரம் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போவான். ஒவ்வொரு முறையும் செக்கருக்கு நெஞ்சு எரியும்.

இந்த நிலையில், அவருக்குப் பிறகு புக் பண்ணிய தெருமுனைப் பல் டாக்டர், ஒருநாள் காலையில் புது வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

செக்கர் ஷோரூமுக்கு ஓடினார்.

"அவர் எடுத்தது வெள்ளை சார். நீங்க கேட்டது நீலம்" என்றான் விற்பனையாளன்.

"ஏன், நீலத்துக்குத் தனிக் கப்பலா?"

விற்பனையாளன் சிரித்தான். செக்கருக்கு விளங்கிவிட்டது. விலைக்கு மேலே கொடுத்தவனுக்கு வண்டி, கொடுக்காதவனுக்குக் கப்பல். தன் நீல வண்டியும் இப்படித்தான் யாருக்கோ கைமாறிப் போயிருக்கும்.

வேறு யாராவது என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பார்கள். செக்கர் தொழில் தெரிந்தவர். பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டைக் கேட்கிற ஆள் இல்லை அவர். சாதாரணப் பயணி போலக் கடைசி சீட்டில் போய் உட்காருவார். வாய் திறக்க மாட்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வருவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்து, முகம் தானாக வியர்க்கும். அப்புறம்தான் எழுந்திருப்பார்.

"கேட்டா பொய் வரும். சும்மா உட்கார்ந்தா உண்மை வரும்" என்பது அவருடைய வேதவாக்கு.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் ஷோரூமுக்குப் போய், ஓரத்தில் கிடந்த சோபாவில் உட்கார்ந்தார்.

"என்ன சார் வேணும்?" என்று ஓடி வந்தான் விற்பனையாளன்.

"ஒண்ணும் வேண்டாம். நீங்க உங்க வேலையைப் பாருங்க தம்பி."

அவன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். சிக்கிட்டான், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார் செக்கர்.

ஆனால் சில நாட்களிலேயே காற்று மாறிவிட்டது. கதவைத் திறந்ததும் "வாங்க சார்" என்று கும்பிட்டார்கள். காபி வந்தது, பின்னாலேயே பிஸ்கட் வந்தது. சோபாவுக்குப் புது உறை போட்டு, கண்ணாடிக் கதவைத் தாண்டி வருகிறவர்கள் கண்ணில் நேராகப் படும்படி திருப்பிப் போட்டார்கள். முதலாளியே இறங்கி வந்து, "உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க" என்றார்.

"மடியில கனம் இருக்கிறவன்தான் இப்படிக் குழைவான்" என்றார் செக்கர், இரவு மனைவியிடம்.

"நல்லா கவனிச்சாலும் சந்தேகமா? நேராவே கேட்டுத் தொலைங்களேன்."

"உனக்கு நம்ம தொழில் தெரியாது."

மறுநாள் அவர் இன்னும் கூர்ந்து பார்த்தார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். ஒவ்வொரு வண்டியாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "வீட்ல கலந்து பேசிட்டு வரோம்" என்று கிளம்பினார்கள். விற்பனையாளன் அவர்களை நெருங்கி, காதோடு காதாக ஏதோ சொன்னான். தாடையால் சோபாப் பக்கம் காட்டினான். இருவரும் திரும்பிச் செக்கரைப் பார்த்தார்கள். முகம் வெளிறிப் போய், ஓடிப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று முழுக்க அதே கூத்து. யாராவது தயங்குவார்கள், காதில் கிசுகிசுப்பு, தாடை திரும்பும், கையெழுத்து விழும். 'அதோ ஒருத்தன் உளவு பார்க்கிறான், சத்தம் காட்டாம மேல்பணத்தைக் குடுங்க' என்றுதான் அவன் சொல்லியிருக்க வேண்டும். செக்கர் பஸ் முழுவதையும் நடுங்க வைக்கிற தன் முறைப்பை அவிழ்த்துவிட்டார். அவர் முறைக்க முறைக்க, அவர்கள் இன்னும் வேகமாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு பெண்மணி மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக அவரிடமே வந்தாள். "மன்னிச்சிடுங்க சார்" என்றாள், கண்ணைப் பார்க்காமல். "எங்களுக்கும் வேற வழி தெரியலை."

செக்கருக்குப் புல்லரித்தது. குற்றவாளி தானே வந்து ஒப்புக்கொள்வது, அவருடைய சர்வீஸிலேயே இதுதான் முதல் தடவை.

சும்மா உட்கார்ந்தே இவ்வளவு என்றால், சீருடையில் உட்கார்ந்தால் விற்பனையாளனே காலில் விழுந்துவிடுவான் என்று கணக்குப் போட்டு, அடுத்த நாள் தொப்பி, பட்டை, பேட்ஜ் சகிதமாகப் போனார். விற்பனையாளன் முகம் பூரித்துப் போயிற்று. அன்றைக்குக் கையெழுத்துப் போட வரிசையே நின்றது.

"இவனுக்குப் பயமே இல்லைடா" என்று டிப்போவில் தன் நண்பரான கண்டக்டரிடம் அலுத்துக்கொண்டார். "நீ ஒரு நாள் வண்டி வாங்கற மாதிரி போ. நான் அந்தப் பக்கமே வரலை. மேல ஏதாவது தரேன்னு ஜாடையா சொல்லு. வாங்கினா கையும் களவுமா பிடிச்சிடலாம்."

கண்டக்டர் போனார். சாயங்காலம் சட்டைப் பொத்தான் ஒன்று இல்லாமல் வந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"மேல தரேன்னு சொன்னேன். 'இங்க அந்தப் பழக்கமே கிடையாது'ன்னு கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டாங்க. நீங்கதான் அனுப்பினீங்கன்னு நான் மூச்சுக்கூட விடலை. ஆனா ஒண்ணு செக்கர், அங்க வியாபாரமே இல்லை. ஈ ஓட்டுறாங்க. வந்தவன் எல்லாம் பார்த்துட்டுத் திரும்பிப் போறான். அந்த விற்பனைக்காரப் பையன் உங்க சோபாவையும் வாசலையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டே இருக்கான்."

செக்கர் நெற்றியைத் தேய்த்தார். "அப்போ நான் இருக்கிறப்ப மட்டும்தான் திருட்டு நடக்குது. என் கண்ணு முன்னாடியே! என்ன திமிர் பாரு."

வீட்டுக்குள் நுழைந்ததும் போன் அடித்தது. "சார், இன்னைக்கு ஏன் வரலை?" என்றான் விற்பனையாளன், தழுதழுத்த குரலில். "உடம்புக்கு ஒண்ணுமில்லையே? முதலாளி ரொம்ப விசாரிச்சார்."

"மிரட்டுறான்" என்றார் செக்கர், போனைப் பொத்திக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் வந்து நின்றான். "வண்டி வரலையா மச்சான்? விடுங்க, நான்தான் இருக்கேனே."

செக்கருக்குச் சட்டென்று பொறி தட்டியது. "ஏன் மாப்ளே, நீதான் அங்க சொல்லிவெச்சு என் வண்டியை நிறுத்தியிருக்கியா?"

மைத்துனன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மனைவி அன்றிலிருந்து பேசவில்லை. காபியும் நின்றது. அதனால் என்ன, காபிக்குத்தான் ஷோரூம் இருக்கிறதே என்று செக்கர் மறுநாளும் சோபாவுக்கே போனார். உள்ளுக்குள் மட்டும் வலித்தது. நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. வண்டி மட்டும் வருவதாக இல்லை.

ஒரு மத்தியானம், பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தபோது மகளுக்கு வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. அவர் பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள், கோபத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மைத்துனனே தன் காரில் அவளைக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். செக்கர் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார்.

பேத்தி பிறந்தாள். துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, 'நீ யார்?' என்பது போலச் சந்தேகமாகப் பார்த்தாள். நம்ம ரத்தம், என்று பூரித்துப் போனார் செக்கர். அதற்குப் பிறகு ஷோரூம் நினைப்பே வரவில்லை. மருந்து வாங்குவதும், வெந்நீர் பிடிப்பதும், பேத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதுமாகப் பொழுது போயிற்று. சோபா காலியாகவே கிடந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற நாளும் வந்தது. மைத்துனன் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வாசலில் நின்றான். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்த மனைவி, "வறட்டுக் கௌரவம் பார்க்காம ஏறுங்க" என்றாள். பேசாதிருந்தவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். செக்கர் தலையைக் குனிந்துகொண்டு காரின் கதவில் கை வைத்தார். அப்பனின் பெருமூச்சை மகன் விடுவதற்காகக் காத்திருந்தார்.

போன் அடித்தது.

"சார், வண்டி ரெடி!" என்றான் விற்பனையாளன். "நீங்க எங்க இருக்கீங்க? அங்கயே அனுப்பறோம்."

"எந்த வண்டி?"

"உங்க நீல வண்டிதான் சார்."

"பழசுக்குப் பெயின்ட் அடிச்சு அனுப்பலையே?"

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது, வானத்தைக் கிள்ளிவைத்தது போல ஒரு நீல வண்டி. ஷோரூமின் வயதான டிரைவர் இறங்கிச் சாவியை நீட்டினார். செக்கர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். குறை கிடைக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"அப்பா, நம்ம வண்டியா?" என்றாள் மகள்.

"நம்ம வண்டிதாம்மா. என் பேத்தியோட வண்டி." பின்சீட்டில் மகளையும் பேத்தியையும் தன் கையாலேயே ஏற்றி உட்கார வைத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"பார்த்தியா மாப்ளே? கத்தலை, சண்டை போடலை, மேல ஒரு பைசா குடுக்கலை. வெறுமனே போய் உட்கார்ந்தேன். முறைச்சேன். அவ்வளவுதான். திருட்டுப் பசங்க பயந்துபோய் வாசலுக்கே கொண்டுவந்து விடறானுங்க. இதுக்குப் பேர்தான் தொழில்!"

மைத்துனன் முதன்முறையாக மரியாதையோடு தலையாட்டினான். மனைவியின் முகத்தில்கூட லேசாகப் பெருமை தெரிந்தது.

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார்.

"சார், இந்த வண்டி வந்து ஒரு மாசமாச்சு. 'நீங்க பின்வாங்கினா அந்த வண்டியைத் தூக்கிட்டுப் போறதுக்கு அதோ ஒருத்தர் தினமும் வந்து காத்துக்கிடக்கார் பாருங்க'ன்னு உங்களைக் காட்டித்தான் அவ்வளவு வியாபாரமும் நடந்துச்சு. நீங்க வராம இப்ப அங்க ஒரு கையெழுத்துகூட விழலை. அதான், வண்டியைக் குடுத்தாவது சாரைச் சமாதானம் பண்ணி, நாளையிலேர்ந்து மறுபடி வந்து உட்காரச் சொல்லிக் கேட்டுட்டு வரச் சொன்னார் முதலாளி."