மச்சினன் வாங்கவிருந்த பஸ்

"வீட்டுப் பத்திரம், அந்த கிராண்டை மட்டும் கொடுங்க மச்சான், போதும். அதை அடகு வச்சா செட்டியார் பணம் தருவாரு. நான் பஸ் வாங்கிடுவேன்," என்றான் ஜமால், தேநீரை ஆற்றியபடி.

மீரா சாகிபு தம் கோப்பையைக் கீழே வைத்தார். மலாயாவின் பத்து பாகாட் கடைத்தெருவில் அவரே முன்னால் நின்று கட்டிய மாடி வீடு அது. மனைவியின் தம்பி அதை அடகு வைப்பானாம், ஆயர் ஈத்தாமுக்குப் பஸ் விடுவானாம். பஸ் பள்ளத்தில் இறங்கினால் வீடு செட்டியார் கைக்கு ஏறிவிடும்.

இல்லையென்று சொல்லவும் வழியில்லை. பெண் கொடுத்தவர்கள் கேட்டு இல்லையென்ற பேச்சு தம் குடும்பத்தில் கிடையாது என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று அவரே பலமுறை முழங்கியிருக்கிறார்.

"தர்றேன் மாப்ளே. நீ கேட்டு நான் என்னிக்கு இல்லைன்னேன்?"

மறுநாள் காலை வட்டிக்கடைகள் இருக்கும் கிட்டங்கிக்குப் போய்ச் செட்டியாரின் பெட்டியடிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என் வீட்டைப் பத்தி யாராச்சும் வந்து கேட்டா ஒண்ணை நினைவு வச்சுக்கங்க செட்டியாரே. தூணெல்லாம் கறையான். மாடிப்படி ஆடுது. கூரை ஒழுகுது."

செட்டியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சொந்த வீட்டை இப்படி ஏசுற ஆளை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன் சாகிபே."

"உண்மையை மறைக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லை."

நிமிர்ந்து நடந்து அவர் வீடு வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்த சீனத் தையற்காரர் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வீடு விழப்போகிறதாமே என்று மலாயில் கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் ஜமால் வந்தான்.

"வீட்டு மேல அவ்வளவு பணம் வராது போலிருக்கு மச்சான். ஊரே கறையான்னு பேசுது. உங்க ஜவுளிக் கடையையும் சேர்த்துக் கொடுத்தா சரியாயிடும்லா."

"அதுக்கென்ன, கொடுத்துடலாம்," என்றது மீரா சாகிபுவின் வாய். மச்சினன் எதிரில் இல்லாதிருந்தால் அந்த வாயை அவரே அறைந்திருப்பார்.

அன்று மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஆதம் லெப்பையைத் தூணோரமாக ஒதுக்கினார்.

"வீடும் போகக் கூடாது, கௌரவமும் போகக் கூடாது. ஒரு வழி சொல்லுங்க லெப்பை."

"வீட்டுக்காரிக்கு மஹர் கொடுத்தாச்சா?"

மீரா சாகிபு தொண்டையைச் செருமினார். நிக்காஹ் அன்று மணப்பெண்ணுக்குத் தரவேண்டிய மஹராக நூற்றொரு பவுன் என்று சபை அதிரச் சொன்னவர் அவர். சொன்னதோடு சரி.

"அதுக்கு ஈடா வீட்டையும் கடையையும் எழுதிக் கொடுத்துடுங்க," என்றார் லெப்பை. "பொண்டாட்டியோட மஹர்ல புருஷனே கை வைக்க முடியாது. அப்புறம் எதை எடுத்து மச்சினனுக்குக் கொடுப்பீங்க? இல்லைன்னு நீங்க சொல்ல வேண்டியதில்லை. மார்க்கம் சொல்லிக்கும்."

மீரா சாகிபு லெப்பையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த வாரமே நில அலுவலகத்தில் பெயர் மாறியது. அவர் மனைவி காதர் பீவி ஒரு கேள்வியும் கேட்காமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெருவிரலை ஒற்றினாள். கிராண்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

ரிக்‌ஷாவில் பாதி வழி வந்தபோதுதான் மீரா சாகிபுவுக்கு உறைத்தது: ஜமால் யாருடைய தம்பி?

"இந்தா, உன் தம்பி உன்கிட்டயே வந்து கிராண்டைக் கேட்டா?"

"கேட்டா பார்த்துக்கலாம்."

"கொடுத்துடுவியா?"

"கூடப் பிறந்தவனாச்சே. யோசிச்சுத்தான் சொல்லணும்."

அதன் பிறகு சோறு அவருக்கு இறங்கவில்லை. ஜமாலும் வந்தபாடில்லை. வராததே அவருக்குப் பெரிய சந்தேகமாயிற்று. அக்காளும் தம்பியும் காரியத்தை முடித்துவிட்டார்களோ? கிராண்டு எங்கே என்று மனைவியைக் கேட்கலாமென்றால், கொடுத்த மஹருக்குக் கணக்குக் கேட்ட கணவன் என்ற பெயர் வரும். கடைசியில் ஒரு கூடை மங்குஸ்தீன் பழத்துடன் மச்சினன் வீட்டுக்கே புறப்பட்டார்.

ஜமால் வெளியே போயிருந்தான். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்று அழைக்கும் அவன் மனைவி மைமூன் கதவைத் திறந்தாள்.

"வாங்க காக்கா, உட்காருங்க."

"உட்கார நேரமில்லைம்மா. பஸ் வாங்கியாச்சான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இவரா? பஸ்ஸா? ஏறி உட்கார்ந்தாலே தலை சுத்தி வாந்தி எடுக்கிற மனுஷன் காக்கா."

"அப்போ அடகு வைக்கணும்னு வந்து நின்னானே?"

மைமூன் மங்குஸ்தீன் கூடையை வாங்கி வைத்துவிட்டு முக்காட்டுக்குள் சிரித்தாள்.

"மஹரை நேரா கேட்டா உங்க கௌரவத்துக்குக் குறைச்சலாப் போயிடும்னு, மதினிதானே காக்கா இவரை அனுப்பி வச்சாங்க."