இரட்டிப்பாக்கியதும் குறைந்துபோன எண்

புதிதாக ஒரே ஒரு விஷயம் கற்றுக்கொண்டவனை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது. பல விஷயம் தெரிந்தவன் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். ஒன்று மட்டும் தெரிந்தவன் அதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டான். பெண் பார்க்கப் போன அன்று எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான்.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்கு ரயில் வந்த புதிது. நான் சுரங்கத்தின் டைம் ஆபீசில் குமாஸ்தா. (ஷாஃப்ட் குழியில் இறங்குகிறவர்களுக்கு வருகைக் கணக்குக்கான பித்தளை வில்லை எடுத்துக் கொடுக்கும் வேலை. வீட்டில் ‘ஆபீசர்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள்.) அங்கே வரைபடம் போடும் நண்பன் ஒருவன் எனக்கு ஓர் எண்ணைக் காட்டினான்: 105263157894736842. ஆயிரம் கோடி கோடிக்கும் மேலே. இதை இரண்டால் பெருக்க மூளையே வேண்டாம். கடைசியில் நிற்கும் 2-ஐத் தூக்கி முன்னால் வைத்தால் போதும், 210526315789473684 என்று விடை வந்துவிடும். அந்த விடையையும் அதே மாதிரி இரட்டிக்கலாம். மூன்று முறை நானே கூட்டிச் சரிபார்த்தேன். அதற்கு மேலும் சந்தேகப்படுவது அந்த எண்ணுக்கே மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

பெண்ணின் பெயர் கன்னியம்மா. சந்தையில் அவளைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒரு ஃபிட்டரும் அவளைக் கேட்டிருந்தான். என்னைவிட உயரம், சம்பளமும் கூட. அன்று பொழுது சாய்வதற்குள் பெண் யாருக்கு என்று சொல்லிவிடுவதாக அவள் அப்பா அறிவித்திருந்தார். உயரத்தில் தோற்றவன் அறிவில் ஜெயிக்க வேண்டியதுதானே?

சுரங்க வேலைக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த அந்தக் காலத்து லைன் வீடுகளுக்கு மூங்கில் தட்டிதான் சுவர். ஒரு வீட்டில் பெண் பார்த்தால் வரிசை முழுக்க உட்கார்ந்து கேட்கும். நான் காலி வெடிமருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கரித்துண்டால் எண்ணை எழுதி, கடைசி 2-ஐ முன்னால் வைத்து, விடையை ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்தேன். மளிகைக் கடை வைத்திருந்த அவளுடைய தாய்மாமன் விரல் மடக்கிச் சரிபார்த்தார்.

“சரியா கீதுபா,” என்றார்.

இரண்டாம் முறை 421052631578947368. அதுவும் சரி. மூன்றாம் முறை 842105263157894736.

“இன்னாங்க இது, மந்திரமா?” என்றார் அப்பா. அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் மகான்.

“எத்தனை தடவை வேணும்னாலும் பண்ணலாம் மாமா,” என்று சொல்லி (அதற்குள் மாமா!) கடைசி 6-ஐ முன்னால் தூக்கி வைத்தேன். 684210526315789473.

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் குரல் வந்தது. “ஏம்பா, எட்டுல ஆரம்பிச்சத ரெட்டிப்பாக்கினா ஆறுல வந்து நிக்குது? கொறைஞ்சில்ல பூட்சி?”

நான் எண்ணைப் பார்த்தேன். குறைந்துதான் போயிருந்தது. உண்மையான விடைக்கு இலக்கமே ஒன்று கூட வரும், அது என் மந்திரத்துக்குள் அடங்காது என்பதெல்லாம் வீட்டுக்குப் போய்க் கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் வேர்வை. லைன் முழுக்கச் சிரிப்பு. அவமானத்தில் செருப்பைத் தேடினேன். ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது.

உள்ளே கன்னியம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்து, மாமனைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: “ஃபிட்டரு வந்தன்னிக்கி நட்டுபோல்ட்டுக்கு மேல ஒரு வார்த்த பேசல மாமா. இவுரையே இருக்கச் சொல்லுங்க. ஆனா வூட்டுக் கணக்க நான் பாத்துக்கிறேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

கல்யாணமாகி எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. நான் தலைகால் புரியாமல் ஓடிப் போய் மாமனாரிடம் சொன்னேன். அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக்கூடக் கழுவாமல் கேட்டார்: “நல்லா பாத்தீங்களா மாப்ள? ஒரே கொழந்தைய பின்னாலருந்து தூக்கி முன்னால வெச்சிட்டு ரெண்டுன்றீங்களா?”

இப்போது அந்த இரண்டு பயல்களுமே என் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறார்கள். நான் அறைக்குள் நுழைந்தால், எனக்காக முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.