ரஸ்க் விறகடுக்கு

பஸாவ், நவம்பர் 9

பெருமதிப்பிற்குரிய மதினி வால்புர்கா அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் கோர்பினியான் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்குமென நம்புகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. இடது கையில் தீக்காயக் கட்டு மட்டும்.

விஷயம் இதுதான். முதியோர் இல்லத்தில் தங்கள் தங்கை கிரெஸென்ஸ் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னையும் அடையாளம் தெரிவதில்லை, "சார், யாரைப் பாக்க வந்தீங்க?" என்கிறாள். திங்கட்கிழமை மட்டும் நர்ஸிடம், "ரஸ்க் விறகடுக்கு இருந்தா குடுங்களேன்" என்றாளாம். ரஸ்க்கையும் ஆப்பிளையும் விறகு மாதிரி அடுக்கி, பாலும் முட்டையும் ஊற்றி ஓவனில் வேகவைக்கும் இனிப்புதானே, நாற்பத்தாறு வருஷம் அவள் கையால் அதைத் தின்றவனுக்குச் செய்யத் தெரியாதா என்று இறங்கிவிட்டேன். முதல் தடவை காய்ந்த ரஸ்க்கைப் பாலில் ஊறப்போட்டுவிட்டுப் பேப்பர் படித்தேன், எழுந்து பார்த்தால் கூழ், அதை ஆப்பிளோடு எங்கே அடுக்குவது? இரண்டாவது தடவை ஊறவே வைக்கவில்லை, கிரெஸென்ஸ் ஒரு கடி கடித்துவிட்டுப் பல்செட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். மூன்றாவது தடவை நேற்று. வேகும்போது ஓவனைத் திறக்கக்கூடாதென்று நீங்கள் எப்போதோ சொன்னதால் நான் திறக்கவே இல்லை, புகை ஜன்னல் வழியாகப் போக, மேல்மாடி ஹில்டகார்ட் அம்மாள் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். பதறிப்போய்த் தட்டை வெறுங்கையால் இழுத்தேன். வந்த தீயணைப்பு ஆள் என்ன பலகாரமென்று கேட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "பெரியவரே, பேருக்கேத்த மாதிரி விறகாவே எரிச்சுட்டீங்களே!" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். அவங்க போனப்புறம் அடுப்படியிலேயே உக்காந்து அழுதேன் மதினி, எழுபத்தெட்டு வயசுல, கையில கரண்டியோட. அவளா வாய் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். இதைக்கூடச் செஞ்சு குடுக்க முடியலைன்னா நான் எதுக்கு இருக்கேன்?

ஆகவே எத்தனை முட்டை, எவ்வளவு பால், எவ்வளவு நேரம் என்று தங்கள் வீட்டுச் செய்முறையைத் தாமதிக்காமல் எழுதி அனுப்ப வேண்டுகிறேன்.

தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் நல்ல சுகமும் நல்ல தூக்கமும் அருளட்டும்.

இப்படிக்கு,
கோர்பினியான்

பி.கு.: தபாலில் சேர்க்கும் முன் இல்லத்துக்குப் போனேன். கரியைச் சுரண்டிவிட்டு மிச்சத்தை டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். ஒரு வாய் போட்டதும் முகத்தைச் சுளித்தாள். "ஐயே, கருகல் வாடை! சார், இது எங்க வீட்டுக்காரர் வேலைதான். கோர்பினியானுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, பாவம்" என்றாள். டப்பாவை வழித்துத் தின்று முடித்தாள். என் பெயரை அவள் சொல்லிக் கேட்டு ஏழு வாரமாயிற்று. செய்முறை அனுப்ப வேண்டாம், மதினி.