தோல் காய்ந்த அடுப்பும் பாதி மீசையும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும், உன் கோபத்தைத் தாங்கிக் குடித்தனம் நடத்துகிற புண்ணியவதியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

"பொண்ணுக்குப் புத்தி சொல்ல வாங்க மாமா" என்று என் மகன் உன்னைப் போனில் கூப்பிட்டானாமே, வராதே. விஷயம் முடிந்துவிட்டது. மலையேறுகிறவர்கள் மூட்டையில் வைத்துத் தூக்கிப்போகிற பழைய பித்தளை ஸ்டவ்வுகளைப் பழுது பார்க்கிறேன் என்று பேத்தி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்தாளே, அன்றிலிருந்து அப்பனும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரம் அவனே பரணிலிருந்து ஒரு ஸ்டவ்வை இறக்கி, அவள் முன்னால் டங்கென்று வைத்தான். வாலிபத்தில் அவன் மலைக்குத் தூக்கிப்போனதாம். அப்போதே புகைதானாம். "இத நீலமா எரிய வை. அப்புறம் நான் வாயத் திறந்தா ஏன்னு கேளு. முடியலன்னா திங்கக்கிழமை ஆபீஸ்." அவள் "சரிப்பா" என்று சிரித்தாள்.

மறுநாள் ஷெட் பக்கம் துணி காயப்போடப் போனால், உள்ளே யாரிடமோ போனில் சொல்கிறாள்: "பழசுதான், ஆனா உடம்பு கெட்டி. மூச்சுதான் நிக்க மாட்டேங்குது. தோல் காஞ்சு சுருங்கிப்போச்சு. எண்ணெயில ஊறப்போட்டுப் பார்க்கறேன், சரிவரலன்னா தூக்கி வீச வேண்டியதுதான்." தம்பி, நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். காய்ந்துதான் இருந்தது. விடுவேனா? உள்ளே போய், "யாரடி தூக்கி வீசப்போற? ஊறப்போட நான் என்ன ஊறுகாயா?" என்று பிடித்துக்கொண்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு காட்டினாள், பம்ப்புக் கம்பி நுனியில் குட்டித் தொப்பி மாதிரி ஒரு தோல். அது காய்ந்தால் காற்றைத் தள்ளாதாம். எண்ணெயில் ஊறி உப்பியதும் என்னிடம் நீட்டி, "பாரு பாட்டி, உன்னவிட மினுக்குது" என்றாள். கொழுப்பு. மூடி ரப்பரும் கல்லாகியிருந்தது, மாற்றினாள். பர்னர் துளையில் அடைத்த கரியைக் குத்த ஊசி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். பர்னருக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தில் அவள் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள்.

"என்ன வேடிக்கை பார்க்கற? பம்ப் அடி."

"பொறுங்கப்பா, அது தலை சூடாகணும்."

"நானெல்லாம் உடனே அடிப்பேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து அவனே அடித்தான். மஞ்சள் நெருப்பு குப்பென்று எழும்பியது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை, இடப்பக்க மீசைதான் போயிற்று. அவள் நிதானமாகக் காற்றைத் திறந்துவிட்டு அணைத்தாள். "அப்பவும் ஏன் புகைஞ்சுதுன்னு இப்பத் தெரியுதாப்பா? அடுப்போட தலை சூடாகறதுக்குள்ள உங்க தலை சூடாயிடுது."

என் பேத்தி என்பதால் சொல்லவில்லை தம்பி, அடுத்த முறை பொறுத்திருந்து அவள் அடித்தாள் பார், உஸ்ஸென்று ஒரு நீலம், அப்படியொரு நீலம்! சொன்ன சொல் தவறாமல் அவன் வாயைத் திறக்கவில்லை. குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்தது நம் பெண்தான். ஆகையால் நீ பஸ் பிடித்து வந்து அவளைக் குழப்பாதே. போனிலும் மீசையைப் பற்றிக் கேட்காதே.

உன் வீட்டில் அடுப்பும் ஆட்களும் புகையாமல் இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் மகன் வந்தான். பாதி மீசையோடு ஆபீசுக்குப் போய் ராஜினாமா கொடுத்துவிட்டானாம். இனிமேல் ஷெட்டில் மகளுக்கு உதவியாளாம். அவள் பேயறைந்த மாதிரி நிற்கிறாள். உடனே புறப்பட்டு வா. "சின்னத் தாத்தாவ வரச் சொல்லு பாட்டி, அப்பாவுக்குப் புத்தி சொல்லணும்" என்கிறாள்.