கச்சிராயபாளையம் பஸ்ஸின் ஸ்பீக்கர்

வீட்டில் எது போனாலும் அந்த இரண்டு ஸ்பீக்கர் மட்டும் போகக் கூடாது என்று இளமாறன் சபதமே எடுத்திருந்தான். அவை என்ன சாதாரண ஸ்பீக்கரா? கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் பாடியவை. காலேஜுக்குப் போகும் ஜெயசுதா ஜன்னலோரம் இருப்பாள். அவன் கம்பியைப் பிடித்துத் தொங்குவான். பாட்டோடு சேர்ந்து பஸ்ஸின் தகரமெல்லாம் அதிரும். அந்த அதிர்வில்தான் கல்யாணம் வரைக்கும் போனது.

பிறகு அந்த பஸ்ஸைக் காயலான் கடைக்கு உடைக்கக் கொடுத்தபோது, ஓடிப்போய் ஸ்பீக்கர்களை வாங்கிவந்து, தன் செகண்ட் ஹேண்ட் காரின் பின்னால் மாட்டினான். பாட்டு பாதி வந்தது. மீதி ‘கிர்ர்ர்’ என்று வந்தது. ஒன்பது மாதப் பாப்பா அலறியது.

ஜெயசுதா கத்தவில்லை. அவள் கத்தாத நாளில்தான் அவனுக்குப் பயம்.

“ஞாயித்துக்கெழம கரியாலூர் மலைக்குப் போறோம். அதுக்குள்ள அந்த சத்தம் நிக்கணுங்க. இல்லன்னா ஸ்பீக்கர் எறங்கிடும்.”

சத்தம் போகக் கதவுக்குள் ஒரு ஷீட் ஒட்டுவார்களாம். கடையில் விலையைக் கேட்டவன், ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினான். வீரமுத்துவின் சைக்கிள் கடையில் கிழிந்த டியூப் சும்மாவே கிடைத்தது. வெட்டி நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் வைத்தான். தேய்ந்த ரப்பர் செருப்பை அறுத்து ஸ்பீக்கருக்கு அடியில் கொடுத்தான். முன்பெட்டியில் உருண்டுகொண்டிருந்த விபூதி டப்பாவுக்குத் துணி சுற்றினான். புதன்கிழமை சத்தம் அடங்கின மாதிரிதான் இருந்தது; அவனுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

வியாழக்கிழமை முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். மறுபடி கிர்ர்ர். கை வைத்து அமுக்கினால் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு என்று சொல்லி, பாப்பாவும் கையுமாக ஜெயசுதாவைப் பின்சீட்டில் ஏற்றியிருந்தான்.

“தோ, இங்க அமுக்கினா நிக்குதுங்க,” என்றாள்.

திரும்பிப் பார்த்தான். கதவின் பாலிதீன் உறை.

ஷோரூமில் போட்ட உறை அது. கதவுக்கும் உண்டு, சீட்டுக்கும் உண்டு. முதலில் வாங்கியவர் பிரிக்கவில்லை. இவனும் பிரிக்கவில்லை. வெயிலில் பாப்பாவின் தொடை அதில் ஒட்டி வேர்க்குரு வேர்க்குருவாகச் சிவந்தது. சித்திரையிலிருந்து அவள் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். புது வண்டி மாதிரி இருப்பதைக் கெடுக்கச் சொல்கிறாயே என்று அவனும் சொல்லிக்கொண்டிருந்தான்.

“இப்ப இன்னா பண்றது?” என்றான்.

“நான் இன்னாங்க சொல்றது. ஸ்பீக்கரு வேணுமா, பாலிதீன் வேணுமா, உங்க இஷ்டம்.”

அந்தக் கதவை உரித்தான். சத்தம் எதிர்க்கதவுக்குப் போனது. அதையும் உரித்தான். வெள்ளிக்கிழமை அவள் பின்சீட்டிலிருந்து அமுக்கிக் காட்டியதில் சீட்டின் முதுகுக்குப் போனது. சனிக்கிழமை உட்காரும் இடத்துக்கு வந்தது. கடைசி உறையைக் கண்கலங்கி உரித்தபோது வண்டி கப்சிப்பென்று ஆனது. ஜெயித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினார்கள். வளைவு வந்தால் ஜெயசுதா எப்போதும் உயிரைக் கையில் பிடித்துக்கொள்வாள். பாப்பாவை ஒரு கையால் இறுக்கிக்கொள்வாள். பாப்பாவோ துணிச்சீட்டில் சுகமாகத் தூங்கியது. அந்த பஸ்ஸில் கேட்ட பழைய பாட்டு. சுத்தமாக, கண்ணாடிபோல வந்தது.

“இன்னாவோ கொறையுது சுதா. பஸ்ஸுல கேட்ட மாரி இல்ல.”

அவளும் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு பாலிதீன் துண்டை எடுத்து, தாளத்துக்கு ஏற்றபடி விரல்களுக்குள் கசக்கினாள்.

கிர்ர்ர். கிர்ர்ர்.

அதே பஸ். அதே ஜன்னலோரம். ஆனால் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பின்சீட்டிலிருந்து கேட்டதும் இதே கிர்ர்ர்தான். அப்படியென்றால் டியூபும் செருப்பும் புதன்கிழமையே வேலையை முடித்துவிட்டன.

மெல்ல நிமிர்ந்து கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

அவள் காலேஜ் நாளைப் போலவே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”