மண்டை மகானின் கண்கட்டு

மகான் வந்துவிட்டார்!

தார் ரோடு பாதியிலேயே அலுத்துப்போய் நின்றுவிட்ட ஊர் அது. பஸ் தினமும் ஒரே ஒரு தடவை வரும். தப்பித்தோம் பிழைத்தோம் என்று உடனே திரும்பிப் போய்விடும். டாக்டர் வந்ததே கிடையாது, அவருக்கு வழி தெரியாதாம். ஆனால் மகான் யாரையும் கேட்காமல் நேராக வந்து சேர்ந்துவிட்டார். மகான்களுக்கு மட்டும் எப்படித்தான் வழி தெரிகிறதோ!

அவர் மண்டை மகான். கைரேகைக்காரர் கையைப் பிடிப்பார், கிளி வைத்திருப்பவர் சீட்டை எடுக்கச் சொல்வார். இவருக்கு அந்தச் சில்லறை வேலையெல்லாம் கிடையாது, நேரே தலைமை அலுவலகம்தான். கண்ணைக் கருப்புத் துணியால் இறுக்கக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளின் தலையைத் தடவி, இது படிக்கிற தலையா படிக்காத தலையா என்று பட்டென்று சொல்லிவிடுவார். பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. பெற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும். "வாய் பேசினா மண்டை பேசாது" என்று அவருடைய சிஷ்யன் மிரட்டிக்கொண்டே இருப்பான்.

சூளைக்காரர் தன்னுடைய செங்கல் கொட்டகையையே மகானுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டார். கூட்டமான கூட்டம்! இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது. முடிவெட்டுபவருக்கு மட்டும் வயிற்றெரிச்சல். "இத்தனை வருஷமா இந்த ஊர்த் தலைங்களை நானும்தான் தடவறேன். பேன் ஓடுச்சே தவிர, ஒரு மண்டையும் எங்கிட்டே பேசினதில்லையே" என்று புலம்பினார். புலம்பிவிட்டுத் தன் பையனையும் கூட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

குட்டி டீச்சருக்கு இந்தக் கூத்து முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

அவர் இந்த ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஓராசிரியர் பள்ளி. மணி அடிப்பது அவர், பெருக்குவது அவர், எல்லா வகுப்புக்கும் பாடம் எடுப்பதும் அவர். ஒரே அறை. ஒரு மூலையில் அ, ஆ. இன்னொரு மூலையில் பின்னம். நடுவில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். ஆளும் குள்ளம், வயதும் கம்மி. முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது டீக்கடைக்காரர், "யாரு வீட்டுப் பாப்பா நீ?" என்று கேட்டதிலிருந்து 'குட்டி டீச்சர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சிரிப்பு நின்றுபோனது கேள்வியால்.

கேள்வி என்பது ஒரு பெண். சூளையில் செங்கல் அறுக்கிற அம்மாவின் ஒரே மகள். 'ஏன் டீச்சர்?' என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயரை வாங்கினாள். சந்திரன் ஏன் கூடவே வருது, பூஜ்யத்தால் ஏன் வகுக்க முடியாது என்று உயிரை எடுப்பாள். டவுனில் விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே நுழைவுத் தேர்வு எழுத அவளுக்கு டீச்சர் இடம் வாங்கி வைத்திருந்தார். திங்கட்கிழமை தேர்வு. அதை விட்டால் மேலே படிக்க இந்தப் பக்கத்தில் வேறு வழியே கிடையாது. அந்தப் பெண்ணின் தலையைத்தான் மகான் தடவிவிட்டு, "இது மண்ணுக்கு ஏத்த தலை. ஏடு ஏறாது. சூளைக்கு அனுப்பு" என்று சொல்லிவிட்டார்.

டீச்சர் சூளைக்கு ஓடினார். கேள்வியின் அம்மா மண் குழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே கேள்வி, கையில் பென்சிலுக்குப் பதில் செங்கல் அச்சு.

"அக்கா, இவ படிக்கிறது உங்களுக்கே தெரியுமே!"

"தெரியும் டீச்சரம்மா. ஆனா அவரு கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்றாரே! என்னைப் பார்க்கலை, இவளைப் பார்க்கலை, எங்க நிலைமையைப் பார்க்கலை. பாரபட்சமே இல்லாம சொல்றாரு. அப்போ உண்மையாத்தானே இருக்கணும்?" அவர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். "இவ டவுனுக்குப் போய்த் தோத்துட்டு வந்தா, அதைத் தாங்கற தெம்பு எனக்கு இல்லைம்மா."

"டீச்சர், தலையிலே ஏடு எந்த வழியா ஏறும்?" என்று கேட்டாள் கேள்வி.

டீச்சருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மகானை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று விறுவிறுவென்று நடந்தார். சூளைப் பாதை முழுக்கச் சேறு. நடுவழியில் செருப்பு வார் பிய்த்துக்கொண்டது. இரண்டையும் வேலியோரம் விட்டெறிந்துவிட்டு, முழங்கால் வரை சேறோடு வெறுங்காலில் கொட்டகைக்குள் புகுந்தார்.

புகுந்தவரைக் கூட்டம் முன்னால் தள்ளியது. சிஷ்யன் குள்ளமான உருவத்தைப் பார்த்தான், "வாயைத் திறக்கக் கூடாது பாப்பா!" என்று தோளைப் பிடித்து மகான் முன்னால் நிறுத்திவிட்டான். டீச்சர் பேச வாயெடுப்பதற்குள் பத்து விரல்களும் தலையில் இறங்கின.

"அடடா..." என்றார் மகான் வருத்தத்தோடு. "இந்தத் தலையிலே எழுத்தே தங்காதே! பள்ளிக்கூடத்துப் பக்கமே அனுப்பிடாதீங்க!"

கொட்டகை கப்பென்று அடங்கியது. வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும், "ஐயய்யோ, அது எங்க டீச்சர்!" என்று கத்தியது. அது கொட்டாவி. சூளைக்காரரின் மகள், வகுப்பில் மணி அடித்ததும் கொட்டாவி விட ஆரம்பித்து, மறுபடி மணி அடிக்கும்போது முடிப்பவள்.

இதோடு மகான் கதை முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு மகான்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"அதைத்தானே சொன்னேன்!" என்றார் அவர், துணியைக்கூட அவிழ்க்காமல். "இவங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா ஊருக்குச் சோதனைன்னு சொன்னேன். அனுப்பிட்டாங்க. சோதனை வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சாமி!" என்றது ஊர், டீச்சரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே.

"இப்பதான் விஷயம் புரியுது" என்றார் டீக்கடைக்காரர். "என் பையன் எது கேட்டாலும் 'நீயே யோசிச்சுச் சொல்லு'ன்னுதான் சொல்வாங்களாம். அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு!"

"அப்போ பட்டம் வாங்கினது?"

"பக்கத்து ஆளைப் பார்த்து எழுதியிருப்பாங்க. பாவம், குள்ளம் வேற. எட்டி எட்டிப் பார்த்திருப்பாங்க."

மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. டீச்சர் முந்தின நாளே கால் சேற்றைக் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். அவமானம் மட்டும் போகவில்லை. அவ்வளவு படித்து, அவ்வளவு தூரம் வந்து, எழுத்து தங்காத தலை என்று பெயரெடுத்தாயிற்று.

வகுப்பைப் பெருக்குவது அவர்தான் என்பதால் ஒரு கண்டிப்பான சட்டம் போட்டிருந்தார்: காலில் போட்டிருப்பதை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். அன்றும் வாசலில் எல்லாம் கிடந்தன. மகான் யார் யாருக்கு என்ன சொன்னார் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"நான் பெரிய அதிகாரி ஆவேன் டீச்சர்" என்று கொட்டாவி விட்டாள் கொட்டாவி. வாசலில் பளபளவென்று அவளுடைய கருப்பு ஷூ.

"நான் ஜட்ஜ்." அதுவும் ஷூ.

"நான் கடை வைப்பேனாம்." ரப்பர் செருப்பு.

"நானும் கடைதான்." அதுவும் ரப்பர் செருப்பு.

"நான் சூளைக்குத்தான் டீச்சர்." அவன் வாசலில் விட்டுவிட்டு வர ஒன்றுமே இல்லை.

டீச்சர் வாசலைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே சீருடை, பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே இரட்டைச் சடை. அப்புறம் தன்னுடைய கழுவிய காலைப் பார்த்தார். சட்டென்று கரும்பலகை துடைக்கிற துணியை எடுத்துக் கண்ணில் இறுக்கக் கட்டிக்கொண்டார். சுண்ணாம்புப் பொடி மூக்கில் ஏறி, நாலு தும்மல். முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. லேசாகக் கண்ணைத் தாழ்த்தினார். மூக்கின் இரண்டு பக்கமும் சந்து. சந்து வழியே தரை. தரையில் கொட்டாவியின் கால் கட்டைவிரல்!

டீச்சர் 'ஹோ'வென்று சிரித்தார். கட்டிய கண்ணோடு குதித்தார். மேசையில் இடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"மகான் சொன்னது சரிதான் போல" என்று முணுமுணுத்தான் வருங்கால ஜட்ஜ்.

அன்று பாடம் நடக்கவில்லை. 'யார் கால்?' விளையாட்டுத்தான் நடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு தலையைத் தடவி ஆள் பெயர் சொல்ல வேண்டும். கால் தெரிந்தவரை எல்லோருமே மகான். காலுக்கு முன்னால் ஒரு புத்தகப்பையை வைத்தால் எல்லோரும் அசடு. கொட்டாவிக்கே தூக்கம் கலைந்துவிட்டது. "டீச்சர், என் ஷூவைக் கேள்விக்குக் குடுக்கட்டுமா?" என்று அவளே கேட்டாள். "எனக்கும் அது கடிக்குது."

ஞாயிற்றுக்கிழமை மகானின் இரண்டாம் பார்வை. ஏறாத தலையில் ஏடு ஏறுவதற்கு அவர் தைலம் விற்றிருந்தார். அதைத் தேய்த்துக்கொண்டு வந்தால் மறுபடி பார்ப்பார். கேள்வியின் அம்மாவும் வாங்கியிருந்தார். நம்பாமல் இருக்கவும் முடியவில்லை, மகளைக் கைவிடவும் முடியவில்லை, வேறென்ன செய்வார்? கேள்வியின் தலையிலிருந்து எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. கொட்டாவியும் ஆசைக்கு ஒரு கை வாங்கித் தேய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் தூணுக்குப் பின்னால் போனார்கள், வந்தார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. ஊரே தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலைப் பார்த்தவர் மகான் ஒருவர்தான்.

முதலில் கொட்டாவி போய் நின்றாள், வெறுங்காலோடு. சூளைக்காரர் நாற்காலியில் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மகான் தடவினார். உதட்டைப் பிதுக்கினார். "தைலமும் ஏறாத தலை. கல்லு சுமக்கன்னே பொறந்தது. நாளைக்கே சூளைக்கு அனுப்பு. வெயில்லே நல்லா வேலை வாங்கு. அடிச்சாலும் தப்பில்லை."

"யோவ்!" நாற்காலி பின்னால் விழுந்தது. "அது என் பொண்ணுய்யா!"

"நான் இன்னும் சொல்லி முடிக்கலை..."

"முடிச்சுடாதே! என் பொண்ணு வெயில்லே கல்லு சுமக்கணுமா? அது பச்சைப் புள்ளைய்யா!"

கல் சுமந்துகொண்டிருந்த பச்சைப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

அதற்குள் கேள்வி முன்னால் போய் நின்றுவிட்டாள், கருப்பு ஷூவோடு. பதறிப்போன மகான் கையில் கிடைத்த தலையைப் பிடித்துக்கொண்டார். "இதோ, இதோ உங்க பொண்ணு! ராஜ தலை! பெரிய அதிகாரி! அன்னைக்குச் சொன்னதேதான்!"

"அன்னைக்கு எனக்குச் சூளைன்னு சொன்னீங்களே, ஏன் சாமி?" என்றாள் கேள்வி. வாய் பேசினால் மண்டை பேசாது என்பது உண்மைதான். மகானின் மண்டை அதற்கப்புறம் பேசவே இல்லை.

டீச்சர் முன்னால் வந்தார். காய்ந்த செங்கலை எடுத்து மகான் காலடியில் ஒரு சிறிய சுவராக அடுக்கினார். "இப்போ பிள்ளைங்க இந்தச் சுவருக்குப் பின்னாலே நிப்பாங்க. அதே தலை, அதே விரல், அதே துணி. ஒரே ஒரு தலையைச் சரியாச் சொல்லுங்க. நான் வேலையை விட்டுட்டுப் போயிடறேன்."

மகான் ஒரு தலையைத் தடவினார். குனிந்தார். கழுத்தை நீட்டினார். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இன்னைக்குக் கிரகம் சரியில்லை" என்றார்.

"கிரகமா, செங்கல்லா?" என்றார் முடிவெட்டுபவர். சிரிப்பு மெல்லக் கிளம்பியது.

டீச்சர் மகானின் கண்துணியை அவிழ்த்து முதலில் சூளைக்காரருக்குக் கட்டினார். "கீழே பாருங்க, என்ன தெரியுது?"

"என் தொப்பை தெரியுது."

கொட்டகை அதிர்ந்தது. டீச்சரும் சிரித்துக்கொண்டே துணியைக் கேள்வியின் அம்மாவிடம் கொடுத்தார். செங்கல் சுவரைக் காலால் தள்ளிவிட்டார். அந்த அம்மா கட்டிக்கொண்டார். கண்ணைத் தாழ்த்தினார்.

"தெரியுது டீச்சரம்மா. கருப்பு ஷூ தெரியுது. ஒரு காலை உள்ளே திருப்பி நிக்கறா. என் பொண்ணுதான் அப்படி நிப்பா." துணியை உருவி எறிந்தார். "தலையைத் தொட்டுட்டு, எம் புள்ளை காலுக்கு விலை போட்டியாய்யா? நீ கண்ணைக் கட்டினது உனக்கில்லை, எங்களுக்கு!"

அவ்வளவுதான். சிஷ்யன் தைலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான். மகான் பின்னால் ஓடினார். சூளைப் பாதைச் சேறு டீச்சருக்குச் செய்ததையே அவருக்கும் செய்தது. ஒரு செருப்பு அங்கே, ஒரு செருப்பு இங்கே. வெறுங்காலோடு ஓடுகிறவரைப் பார்த்து, "அடடா, ஏடு ஏறாத தலை! சூளைக்கு அனுப்பு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

கேள்வியின் அம்மா முந்தானையால் மகளின் தலை எண்ணெயை அழுத்தித் துடைத்தார். "நாளைக்கு பஸ் எப்போ டீச்சரம்மா? நானும் வரேன். தோத்தா என்ன, மறுபடி எழுதட்டும்."

"ஷூவைத் திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டாள் கேள்வி.

"தேர்வு எழுதிட்டுக் குடு" என்று கொட்டாவி விட்டாள் கொட்டாவி.

ஆனால் பாருங்கள், வீட்டுக்குத் திரும்பும் வழியில் டீக்கடைக்காரர் டீச்சரை மெதுவாக ஓரம் கட்டினார். "டீச்சர், பக்கத்து ஊர்லே ஒருத்தர் காதைப் பார்த்துச் சொல்றாராம். அவர் கண்ணே கட்டறதில்லையாம். அப்போ அது உண்மையா இருக்குமோ?"

"நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

ஐயா, தலை என்பது அடுத்தவன் தடவிப் பார்ப்பதற்காகக் கழுத்துக்கு மேலே வைத்துக்கொண்டிருக்கும் சாமான் இல்லை. சொந்த உபயோகத்துக்கும் அவ்வப்போது எடுத்துக்கொள்ளலாம்.